பனிமலையைக் குடைந்தவர்கள்

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இருப்புப்பாதை என்பது வெறும் போக்குவரத்துச் சாதனம் அன்று. பிறந்த மண்ணையும் பிழைக்கும் மண்ணையும் பிணைத்து நிற்கும் கயிறு அது. விடுமுறை கிடைத்ததும் தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வண்டி ஏறுகிறோம். ஓர் இரவோ இரண்டு இரவோ கழிகின்றன. காலையில் விழித்துச் சன்னல் வழியே நோக்கும்போது பனைமரம் தென்பட்டால் மனம் குளிர்ந்துவிடுகிறது. இடையில் எத்தனை ஆறுகளைக் கடந்தோம், எத்தனை குன்றுகளைத் துளைத்து வந்தோம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் பாதையை இட்டவர்கள் யார் என்னும் கேள்வியோ நம் நெஞ்சில் எழுவதே இல்லை.

அலுவலக அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது நம் தொழில். அவ்வறிக்கைகளில் 'சுரங்கம் தோண்டப்பட்டது', 'பாதை போடப்பட்டது' என்றே வாக்கியங்கள் முடியும். தோண்டியவர் யார், போட்டவர் யார் என்று சொல்ல அவற்றில் இடம் இராது. தமிழ் வினைமுற்றோ, செய்தவன் ஒருவனா பலரா என்பதைத் தன் விகுதியிலேயே காட்டிவிடும் இயல்புடையது. 'தோண்டினார்கள்' என்று எழுதியவுடன், 'யார் தோண்டினார்கள்?' என்று படிப்பவர் கேட்பார். இன்று நாம் சொல்லப்போவது, அந்தக் கேள்விக்கு நெடுங்காலம் விடை கிடைக்காதிருந்த ஒரு வரலாறு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கோடியில் உள்ளது கலிபோர்னியா. அதன் கிழக்கு எல்லையில் மதில்போல் நிற்கும் மலைத்தொடருக்குச் சியரா நெவாடா என்று பெயர். நெவாடா என்ற ஸ்பானியச் சொல்லுக்கே பனி போர்த்தது என்றுதான் பொருள். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, பனியாகக் கொட்டுகிறது. பனி என்றால் நம் நினைவுக்கு வருவது மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் துளிதான். அங்கே பெய்யும் பனி அத்தன்மையதன்று. ஒரே புயலில் ஆள் உயரம் குவியும். காற்று வாரி ஒதுக்கும் இடங்களில் வீட்டுக் கூரையையும் மூடும். 1846ஆம் ஆண்டின் இறுதியில் மாட்டு வண்டிகளில் இம்மலையைக் கடக்க முயன்ற டானர் கூட்டத்தார் 87 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் பனியிலும் பசியிலும் சிக்கி மாண்டனர். அவர்கள் தங்கிய கணவாய்க்கு இன்றும் டானர் என்பதே பெயர்.

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்டது. மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். ஆயினும் கிழக்குக் கரையிலிருந்து அங்குச் செல்ல நல்ல வழி கிடையாது. தரைவழி பல மாதப் பயணம். கப்பலேறினால் தென் அமெரிக்காவின் முனையைச் சுற்ற வேண்டும். அல்லது காய்ச்சல் மலிந்த பனாமாவைக் கடக்க வேண்டும். ஆகவே கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை இடுவதற்கான சட்டத்தில் 1862ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக் என்ற கம்பெனியும், மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் என்ற கம்பெனியும் வேலையைத் தொடங்கின. மேற்குக் கம்பெனிக்கு வந்து வாய்த்தது மலை. கடல் மட்டத்தை ஒட்டிய சாக்ரமெண்டோ நகரிலிருந்து, சுமார் 100 மைல் தொலைவுக்குள் 7,000 அடி உயரத்துக்குப் பாதை ஏற வேண்டும். அந்த வழியைத் தேடிக் கண்டவர் தியோடோர் ஜூடா என்ற பொறியாளர். பனாமா வழியாகப் பயணம் செய்தபோது பிடித்த காய்ச்சலால் 1863இல் அவர் காலமானார். தாம் வரைந்த பாதையில் வண்டி ஏறியதை அவர் காணவில்லை.

வேலைக்கு ஆள் கிடைப்பதே முதல் இடர்ப்பாடாயிற்று. வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் பலர் வேலைக்கென்று வந்து, மலையடிவாரம் வரை கம்பெனிச் செலவில் பயணம் செய்து, பின் வெள்ளிச் சுரங்கங்களைத் தேடிப் போய்விட்டனர். 1865ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கம்பெனியார் சீனர்களைப் பெருவாரியாகச் சேர்க்கத் துணிந்தனர். வேலை மேற்பார்வையாளராகிய ஜேம்ஸ் ஸ்ட்ரோபிரிட்ஜ் முதலில் இதை ஏற்கவில்லை. சிற்றுருவினரான இவர்களால் மலையை வெட்ட இயலுமா என்று ஐயுற்றார். சில வாரங்களில் அந்த ஐயம் தீர்ந்தது. பின்னர் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தனர். வேலை மும்முரமாக நடந்த காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் அம்மலையில் உழைத்தனர். சென்ட்ரல் பசிபிக் தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேர் அவர்களே.

அவர்கள் பெரும்பாலும் தென் சீனத்தின் குவாங்துங் மாகாணத்தைச் சேர்ந்த உழவர் குடியினர். முத்தாற்றுக் கழிமுகத்துக்கு மேற்கே உள்ள நான்கு சிறு மாவட்டங்களே பலருக்குத் தாயகம். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் கடனும் அவர்களைக் கப்பலேற்றின. நெல் விளையும் நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள். கழனியில் வளர்ந்த அவர்களுள் பலர் அதுவரை பனிப்பொழிவைக் கண்டிருக்கமாட்டார்கள். சம்பளம் மாதத்துக்கு முதலில் 26 டாலர். பின்னர் 30 டாலருக்குச் சற்று மேல். வெள்ளைக்காரர்களுக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் உண்டு. சீனர்கள் தம் சோற்றுக்குத் தாமே செலவு செய்தனர். ஒவ்வொரு கோஷ்டியும் தனக்கென ஒரு சமையற்காரரை வைத்துக்கொண்டது. அரிசி, உலர்ந்த மீன், காய்கறி ஆகியவையே உணவு. கொதிக்க வைத்த தேநீரைப் பீப்பாய்களில் நிரப்பிக் காவடித் தண்டில் தொங்கவிட்டு வேலையிடத்துக்குச் சுமந்து வருவார்கள். ஓடை நீரை அப்படியே குடித்தவர்களை வயிற்றுக்கடுப்பு வாட்டியபோது, வெந்நீர்த் தேநீர் இவர்களைப் பெரும்பாலும் காத்தது.

கோஷ்டிக்கு ஒரு தலைவர். சம்பளப் பட்டியலில் பெரும்பாலும் அந்தத் தலைவரின் பெயரும், ஆட்களின் எண்ணிக்கையும், மொத்தத் தொகையும் மட்டுமே ஏறும். தலைவர் காசை வாங்கிப் பிரித்துக் கொடுப்பார். தனியொருவனின் பெயர் புத்தகத்தில் ஏற வழியில்லை. இந்தச் சிறிய வழக்கத்தை நேயர்கள் மறவாது வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மலைப்பகுதியில் 15 சுரங்கங்கள் குடைய வேண்டியிருந்தது. அவற்றுள் மிகப் பெரியது உச்சிச் சுரங்கம். அதன் நீளம் 1,659 அடி. இன்றைய கணக்கில் இது பெரிதன்று. ஆனால் பாறையோ முழுக் கருங்கல். துளையிடும் பொறிகள் அங்கு வேலை செய்யவில்லை, எல்லாம் கைவேலை. ஒருவர் உளிக்கம்பியைப் பிடித்துச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுப்பார்; இருவர் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். குழி ஆழமானதும் அதில் கருமருந்தைக் கெட்டித்துத் திரி வைப்பார்கள். வெடித்த பின் கல்லை வாரி வெளியே கொட்டுவார்கள். இரு முனைகளிலிருந்து குடைந்தால் காலம் நீளும் என்று, மலையின் நடுவே 73 அடி ஆழத்துக்குக் கிணறு போன்ற ஒரு துளையை இறக்கி, அதன் அடியிலிருந்து இரு பக்கமும் வெட்டினார்கள். ஆக நான்கு முகப்புகளில் இரவும் பகலும் வேலை நடந்தது. அப்படியிருந்தும் ஒரு முகப்பில் ஒரு நாளைக்கு முன்னேறிய தூரம் சராசரி 1.18 அடி. நாள் முழுவதும் உழைத்தாலும் ஒரு முழத்தைக்கூட எட்டவில்லை.

பிறகு நைட்ரோகிளிசரின் என்ற வெடிநெய் வந்தது. 1866 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரில் இது ஒரு பெட்டியில் இருந்தபடியே வெடித்துப் பலரைக் கொன்றிருந்தது. ஆகவே அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்ல அஞ்சினார்கள். ஜேம்ஸ் ஹௌடன் என்ற இரசாயன நிபுணர் 1867ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மலையுச்சியிலேயே அதைக் காய்ச்சிக் கொடுத்தார். அதன்பின் நாளொன்றுக்கு 1.82 அடி முன்னேற்றம் கிடைத்தது. வெடிக்காமல் தங்கிய மருந்தின்மீது சம்மட்டி பட்டால் நேரும் கதி சொல்லாமலே விளங்கும்.

இவ்வளவும் பனி இல்லாத நாட்களிலும் உள்ள ஆபத்து. 1866-67ஆம் ஆண்டுக் குளிர்காலம் இதன்மேல் வந்து விழுந்தது. அவ்வேலையில் இருந்த ஜான் கில்லிஸ் என்ற பொறியாளர் அக்குளிர்காலத்துப் பனிப்புயல்களைக் கணக்கெடுத்திருக்கிறார். மொத்தம் 44 புயல்கள். சில கால் அங்குலப் பனியோடு ஓய்ந்தன. ஒன்று, பிப்ரவரி 18 முதல் மார்ச் 2 வரை, சிறிது இடைவெளியோடு அடித்து 10 அடிப் பனியைக் கொட்டியது. வேலை நின்றுவிடவில்லை. தொழிலாளர்கள் தங்கிய குடிசைகள் பனிக்கடியில் மறைந்தன. குடிசையிலிருந்து சுரங்க வாய்க்குப் பனிக்குள்ளேயே நடைவழி குடைந்துகொண்டார்கள். 50 அடி முதல் 200 அடி வரை நீண்ட வழிகள் அவை. மூச்சுவிடவும் புகை போகவும் மேல்நோக்கித் துளைகள் விட்டார்கள். விளக்கொளியில் எழுந்து, பனிக்குகை வழியே நடந்து, கற்குகைக்குள் உழைத்து, அவ்வழியே திரும்பினார்கள். பல வாரம் பகலவனைக் காணாத வாழ்வு. ஓரிடத்தில் பள்ளத்தாக்கின் குறுக்கே தாங்குசுவர் எழுப்ப வேண்டியிருந்தது. பனிக்குள் கூடம்போல் ஒரு வெளியைக் குடைந்து, மேலே விட்ட துளை வழியாகக் கற்களை இறக்கி, அந்தப் பனிக்கூடத்துக்குள் நின்றே சுவரைக் கட்டினார்கள்.

சுரங்கம் முடியும்வரை அப்பால் உள்ள வேலை காத்திருக்கக்கூடாது என்று கம்பெனியார் விரைந்தனர். மூன்று இஞ்சின்களையும், 40 வண்டிகளையும், 40 மைல் பாதைக்கு வேண்டிய தண்டவாளங்களையும் சறுக்குக்கட்டைகளில் ஏற்றிப் பனிமேல் இழுத்து மலையுச்சியைத் தாண்டிக் கொண்டுபோனார்கள்.

பனியின் பேராபத்து பனிச்சரிவு. மலைச் சரிவில் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. எல்லா அடுக்கும் ஒன்றோடொன்று இறுகுவதில்லை. இடையில் மணல்போல் உதிரியான ஓர் அடுக்கு அமைந்துவிட்டால், அதன்மேல் உள்ள பாரமெல்லாம் பிடிப்பின்றி நிற்கிறது. புதுப்பனியின் எடையோ, வெதுவெதுப்பான மழையோ அந்தப் பிடிப்பை அறுத்துவிட்டால், மலைப்பக்கம் முழுவதும் ஒரே பாளமாக நழுவும். மரமடர்ந்த சரிவில் இது அரிது. மரங்கள் பனியைப் பிடித்து நிறுத்தும். ஆனால் பாதைக்காகவும் சிலிப்பர் கட்டைக்காகவும் மரங்களை வெட்டிவிட்டால், அல்லது இஞ்சின் பொறி பட்டுக் காடு எரிந்துபோனால், அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. மனிதர் தம் வேலையாலேயே தம் தலைக்குமேல் ஆபத்தை ஏற்றிக்கொள்வதும் உண்டு.

1866 கிறிஸ்துமஸ் நாளன்று, டச் பிளாட் என்ற மலையூர்ச் செய்தித்தாள் ஒரு செய்தி வெளியிட்டது. சீனர் கோஷ்டி ஒன்றின்மீது பனி சரிந்ததாகவும், தோண்டி எடுப்பதற்குள் நாலைந்து பேர் இறந்துவிட்டதாகவும் அதில் கண்டது. கில்லிஸ், 1867 தொடக்கத்தில் நேர்ந்த ஒரு சரிவைப் பற்றி எழுதும்போது, பதினைந்து இருபது சீனர்கள் மாண்டார்கள் என்கிறார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1887இல் அரசாங்க விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் கூறிய ஸ்ட்ரோபிரிட்ஜ், முகாம்களைப் பனிச்சரிவு அடித்துச் சென்றதையும், புதைந்தவர்களில் பலரின் உடல்கள் அடுத்த கோடையில் பனி உருகிய பின்னரே அகப்பட்டதையும் ஒப்புக்கொண்டார். எத்தனை பேர் என்று அவரும் சொல்லவில்லை.

நேயர்களே, இந்த எண்களைச் சற்றே ஒப்பிட்டுப் பாருங்கள். சுரங்கத்தின் அன்றாட முன்னேற்றம் 1.18 அடி, அடியில் நூற்றில் ஒரு பங்குவரை துல்லியம். புயல்கள் 44, அவற்றுள் கால் அங்குலப் பனி பெய்ததும் கணக்கில் ஏறியிருக்கிறது. மனிதர் மட்டும் 'நாலைந்து பேர்', 'பதினைந்து இருபது பேர்'. இதனால் கில்லிஸ் இரக்கமற்றவர் என்று சொல்லிவிட முடியாது, அவராவது எழுதிவைத்தார். கல்லை அளக்க நாடா இருந்தது. பனியை அளக்கக் கோல் இருந்தது. ஆளை அறியப் பெயர்ப்பட்டியல் இல்லை. கோஷ்டித் தலைவரின் பெயருக்குப் பின்னால் மறைந்து நின்ற ஒருவன் பனிக்கடியில் மறைந்தபோது, புத்தகத்தில் ஒரு வரிகூடக் குறையவில்லை.

அவர்கள் எதையும் பொறுத்துக்கொண்டார்கள் என்று எண்ணுவது தவறு. 1867 ஜூன் மாத இறுதியில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர் ஒரே நேரத்தில் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு முகாம்களில் அமர்ந்தனர். மாதம் 40 டாலர் சம்பளமும் குறைந்த வேலை நேரமும் அவர்கள் கோரிக்கை. கூச்சல் இல்லை, அடிதடி இல்லை. கட்டுமானப் பொறுப்பிலிருந்த சார்லஸ் கிராக்கர், மலைமேல் செல்லும் உணவுப் பொருள்களை நிறுத்தினார். கடை கண்ணி இல்லாத மலையில், அரிசி வராவிட்டால் என்ன செய்வது? ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. ஆகஸ்டு மாத இறுதியில் உச்சிச் சுரங்கம் ஊடுருவித் திறந்தது. ஆண்டு இறுதியில் முதல் வண்டி அதன் வழியே சென்றது. 1869 மே 10ஆம் நாள், யூட்டா பிரதேசத்தில் பிராமண்டரி என்னுமிடத்தில் இரு கம்பெனிகளின் பாதைகளும் சேர்ந்தன. தங்க ஆணி அடித்து விழா எடுத்தார்கள். அன்று எடுக்கப்பட்ட புகழ்பெற்ற நிழற்படத்தில் வெள்ளைக்காரர்களின் கூட்டம் இரு இஞ்சின்களுக்கு நடுவே கைகுலுக்கி நிற்கிறது. மலையைக் குடைந்தவர்களை அதில் தேடிக் காண்பது அரிது.

அடுத்த ஆண்டு, 1870 ஜூனில், ஒரு ரயில் சாக்ரமெண்டோவுக்கு வந்தது. வேற்று நாட்டில் இறந்தவரின் எலும்பையேனும் ஊருக்கு அனுப்பி, மூதாதையர் நிலத்தில் சேர்ப்பது அச்சீனர்களின் மரபு. தம் ஊர்ச் சங்கங்களுக்குச் சந்தா செலுத்தி, அந்த ஒரு காரியத்துக்கு முன்னேற்பாடு செய்துவைப்பார்கள். பாதையோரத்தில் புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளை ஏற்றிக்கொண்டு அந்த ரயில் வந்தது. நகரின் ஒரு செய்தித்தாள், 20,000 ராத்தல் எலும்பு, சுமார் 1,200 பேருடையது என்று எழுதியது. அதே நகரின் இன்னொரு செய்தித்தாள் சுமார் 50 பேர் என்று எழுதியது. ஒரே நகரம், ஒரே ரயில். எண்ணிக்கையில் இருபது மடங்குக்கும் மேல் வேறுபாடு. இன்றுவரை வரலாற்று ஆசிரியர்கள் அதை வைத்துக்கொண்டு வாதிட்டு வருகிறார்கள். ஊரைவிட்டு வெகுதூரம் வந்து பிழைக்கும் நமக்கு, எலும்பாக ஊர் திரும்பினவர்களின் அந்தக் கடைசிப் பயணம் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே விளங்கும் என்று நினைக்கிறோம்.

பாதை போட்டதோடு ஆபத்து தீரவில்லை. பாதையைத் திறந்துவைத்திருப்பதே ஒரு போராட்டம் ஆயிற்று. இஞ்சினில் பூட்டிய கலப்பையால் பனியை ஒதுக்கிவிடலாம் என்று முதலில் நம்பினார்கள். மலையின் பனி அந்த நம்பிக்கையைக் குலைத்தது. பல இஞ்சின்கள் சேர்ந்து உந்தியும் கலப்பை நின்றுவிட்டது. ஆகவே பாதைக்குமேல் மரக்கூரை வேய்ந்தார்கள். ஆர்தர் பிரௌன் என்பவர் மேற்பார்வையில் 2,500 பேர் உழைத்து, 1869க்குள் ஏறக்குறைய 37 மைல் நீளத்துக்கு அக்கூரையை அமைத்தார்கள். பனிக்குத் தப்பிய மரக்கூரைக்குத் தீ எமனாயிற்று. புகைபோக்கியிலிருந்து பறக்கும் பொறி கோடையில் அதைப் பற்றவைக்கும். அதனால் மலைமேல் காவற்கூடமும், நீர்த்தொட்டிகளோடு எந்நேரமும் ஆயத்தமாக நிற்கும் தீயணைப்பு ரயில்களும் வேண்டியிருந்தன.

இதே போராட்டம் வடக்கே இரு மலைத்தொடர்களில், 1910ஆம் ஆண்டு மார்ச் மாத முதல் வாரத்தில், நான்கு நாள் இடைவெளியில் இரண்டு பெருந்துயரங்களாக முடிந்தது.

முதலாவது, வாஷிங்டன் மாநிலத்தில் காஸ்கேட் மலையில் நேர்ந்தது. கிரேட் நார்தர்ன் கம்பெனியின் ஒரு பயணி ரயிலும் ஒரு தபால் ரயிலும் வெலிங்டன் என்ற சிறு நிலையத்தில் பனியால் சூழப்பட்டு நின்றன. சுழல் சக்கரக் கலப்பைகள் சரிவுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டன. மணிக்கு 15 சென்ட் கூலிக்குப் பனி வாரியவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள், கிடைக்கவில்லை, மலையிறங்கிப் போய்விட்டார்கள். நாட்கள் கடந்தன. பனி மழையாக மாறிற்று. மார்ச் முதல் நாள் பின்னிரவில், இடி முழங்கும் வேளையில், காடு எரிந்து மொட்டையாய் நின்ற மேற்சரிவிலிருந்து பனி நழுவிற்று. இரு ரயில்களும் பள்ளத்தாக்கில் உருண்டன. 96 பேர் இறந்தனர். பயணிகளைவிட ரயில்வே ஊழியர்களே அதிகம். கடைசி உடல்கள் ஜூலையில்தான் அகப்பட்டன. வெலிங்டன் என்ற பெயரே அச்சம் தருவதாயிற்றென்று அவ்வூருக்கு அந்த ஆண்டிலேயே டை என்று வேறு பெயரிட்டார்கள். பெயரை மாற்றலாம், சரிவை மாற்ற முடியாது. 1929இல் ஏறக்குறைய 8 மைல் நீளமுள்ள புதுச் சுரங்கம் திறந்தபின் அந்தப் பாதையையே கைவிட்டார்கள்.

இரண்டாவது, கனடா நாட்டில் செல்கர்க் மலையில், ரோஜர்ஸ் கணவாயில் நேர்ந்தது. மார்ச் 4ஆம் நாள் மாலையில் ஒரு மலையிலிருந்து சரிந்த பனி கனடியன் பசிபிக் பாதையை மூடியது. அதை அகற்ற ஒரு சுழல் கலப்பையோடு தொழிலாளர்கள் சென்றார்கள். கலப்பை போக முடியாதபடி பனியில் மரங்களும் பாறைகளும் கலந்திருந்தமையால், அவற்றை எடுக்க ஆட்கள் பாதையில் இறங்கி, இரு பக்கமும் பனிச்சுவர் நிற்க, நடுவே வேலை செய்துகொண்டிருந்தார்கள். நள்ளிரவுக்குச் சற்று முன், எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்தது. கலப்பையோடு வந்த இஞ்சின் தூக்கி எறியப்பட்டுக் கவிழ்ந்தது. 58 பேர் புதைந்தனர். இவர்கள் பயணிகள் அல்லர். பிறர் பயணம் தடைப்படக்கூடாதென்று நள்ளிரவில் மண்வாரி பிடித்தவர்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானிலிருந்து பிழைக்க வந்தவர்கள். செய்தி எட்டியதும் ரெவல்ஸ்டோக் நகரிலிருந்து நூற்றுக்கணக்கான மக்கள் தாமே முன்வந்து, இன்னும் சரியக்கூடிய மலையின் கீழ் நின்று, பனியைத் தோண்டினார்கள். உயிரோடு எடுக்க எவரும் இல்லை. நின்ற நிலையிலேயே உறைந்த உடல்களைக் கண்டவர்கள் அக்காட்சியை மறக்கவில்லை.

அந்தக் கணவாயில் 1885இல் பாதை முடிந்தது முதல் கால் நூற்றாண்டுக்குள் பனிச்சரிவில் மாண்டவர்கள் 200 பேருக்கு மேல். கம்பெனி தோல்வியை ஒப்புக்கொண்டது. 5 மைல் நீளமுள்ள கானாட் சுரங்கத்தை வெட்டி, 1916 முதல் ரயிலை மலைக்கடியில் விட்டது. பனியோடு மலைமேல் மோதாமல் மலைக்கடியில் புகுந்து செல்வது என்னும் பாடத்தை இவ்வளவு உயிர்களைக் கொடுத்துத்தான் மனிதர் கற்றார்கள். சியராவிலும் 1925இல் 10,326 அடிச் சுரங்கம் ஒன்று திறந்தது. சீனர்கள் குடைந்த பழைய உச்சிச் சுரங்கத்தின் வழியே 1993க்குப் பின் ரயில் ஓடுவதில்லை. தண்டவாளம் அகற்றப்பட்ட அந்தக் கற்குகையில் இன்று நடந்து செல்வோர், சுவரில் உளித்தடங்களைக் காணலாம்.

அந்தப் பாடம் நம் நாட்டிலும் பயன்பட்டிருக்கிறது. பனிஹாலுக்கும் காஜிகுண்டுக்கும் இடையே பீர்பாஞ்சால் மலையை ஊடுருவும் 11 கிலோமீட்டர் ரயில் சுரங்கம் 2013இல் திறந்தது. 2025 ஜூன் 6ஆம் நாள் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்குப் பாதை இணைந்தது. பனிமூடிய மலைக்கடியில் இருக்கையில் சாய்ந்தபடியே இன்று நாம் கடக்கிறோம்.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ரோஜர்ஸ் கணவாயில் இறந்தவர்கள் 58 பேர் என்று திட்டமாகச் சொல்ல முடிகிறது. அவர்களுள் ஜப்பானியர் 32 பேர் என்றும் சொல்ல முடிகிறது. நூறாண்டு கழித்து 2010இல், ரெவல்ஸ்டோக் நகரத்தார் அவர்களை நினைவுகூர்ந்து அஞ்சலி செலுத்தினர். சியராவில் மாண்ட சீனர்களுக்கு அப்படிச் செய்ய இயலவில்லை. 2012இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் அவர்கள் வரலாற்றைத் தேடப் பெருமுயற்சி தொடங்கினார்கள். சம்பளப் பட்டியல், செய்தித்தாள், முகாம் இருந்த இடங்களில் மண்ணுக்கடியில் கிடைத்த கிண்ணத் துண்டுகள் எல்லாம் திரட்டினார்கள். ஆனால் அத்தொழிலாளர்களில் ஒருவர் தம் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றுகூட அவர்களுக்குக் கிட்டவில்லை. 2014இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் கௌரவ மண்டபத்தில் அச்சீனர்களுக்கு இடமளித்தது. இடம் கிடைத்தது, பொறிப்பதற்கு ஒவ்வொருவர் பெயரும் கிடைக்கவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வெளியூரில் வேலைக்கு வந்த ஒருவனை ஒப்பந்தக்காரரின் கணக்கில் ஒரு தலையாக மட்டும் வைத்திருந்தால், விபத்து நேரும் நாளில் அவனைத் தேடுவதற்கே ஆதாரம் இராது. வருகைப் பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், ஊர் என்று எழுதும் அந்த மூன்று சொற்கள் சிறு காரியமாகத் தோன்றும். ஒரு வீட்டுக்குச் செய்தி போய்ச் சேருவது அந்த மூன்று சொற்களால்தான். இன்றும் கட்டிட வேலைக்கும் சாலை வேலைக்கும் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் நம்மிடையே பலர். நம்மில் சிலர் அத்தகைய பதிவேடுகளை எழுதும் மேசைக்கு அருகிலும் இருக்கிறோம்.

ஆகவே அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, வண்டி ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து சன்னல் இருளும் அந்தச் சில கணங்களில், 'இது எப்போது தோண்டப்பட்டது?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'இதை யார் தோண்டினார்கள்?' என்றும் கேட்போமாக.